“அம்மா, என் கை பட்டுச்சா?” – நாற்பது முறை கேட்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

வாசகர் கடிதம் (சுருக்கம், அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன)

டெல்டா மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். கணவருக்கு ஹார்டுவேர் கடை. மாமியார் கூட இருக்கிறார். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. மகனுக்கு 5 வயது.

மகள் சென்ற ஆவணியில் பெரியவளானாள். வீட்டு வழக்கப்படி 16 நாள் தனி அறை, தனித் தட்டு, தனிப் பாய். சடங்கு முடிந்து வீடு பழையபடி ஆகிவிட்டது, அவள் மட்டும் ஆகவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம், மாடித் தொட்டி காலியாகிறது. புறங்கைத் தோல் வெடித்து ரத்தம் கசிகிறது. தோல் டாக்டர் கொடுத்த களிம்பைத் தொடுவதில்லை, ‘பிசுபிசுக்குது’ என்கிறாள். இரவில் படுக்கப் போகும்போது கேள்விகள் ஆரம்பிக்கின்றன. “அம்மா, என் கை தம்பி தட்டுல பட்டுச்சா? தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” ஒருநாள் எண்ணிப் பார்த்ததில் நாற்பதைத் தாண்டியது. “சாமி சத்தியமா ஒண்ணும் ஆகாது” என்று தாய் தலையில் அடித்துச் சத்தியம் செய்தால் கொஞ்ச நேரம் அடங்குகிறாள், மறுபடி கேட்கிறாள்.

பூஜையறையில் நின்றால் சாமியைப் பற்றிக் கெட்ட வார்த்தை தோன்றுவதாகச் சொல்லி அழுதிருக்கிறாள். பாட்டி அதற்குப் பரிகாரமாகத் தினமும் 108 ஸ்ரீராமஜெயம் எழுதச் சொன்னார். இப்போது ஓர் எழுத்து கோணினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறாள், இரவு 11 மணி ஆகிறது, ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகிறது. பள்ளியில் நோட்டு முடிக்கவில்லை என்று முட்டி போட வைத்திருக்கிறார்கள். அப்பா, செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனாள் என்று ஒருநாள் அறைந்தார். இன்னொரு நாள் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே மேலே போய்த் தண்ணீர் வால்வை மூடிவிட்டார். இது பைத்தியமா, என்னால் வந்ததா, மாத்திரை கொடுத்தால் காலம் முழுக்கக் கொடுக்க வேண்டுமா, வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம் ஆகுமா என்று தாய் கேட்கிறார்.

மனநல மருத்துவரின் பதில்

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிகிறது: “இவளைத் தம்பியோடு தனியாக விடப் பயமாக இருக்கிறது.” மற்றக் கேள்விகள் கொஞ்சம் காத்திருக்கட்டும், இதை முதலில் பேசிவிடுவோம்.

தள்ளிவிடத் தோன்றுவது ஆசை இல்லை

மொட்டை மாடியில் தம்பி பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது ‘தள்ளிவிட்டால் என்ன’ என்று தோன்றியதாக மகள் உங்களிடம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், அன்றிலிருந்து மாடிப்படி பக்கமே போவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தம்பியை உண்மையிலேயே தள்ள நினைக்கும் பிள்ளை அம்மாவிடம் வந்து அழுமா? அந்த எண்ணத்தைக் கண்டு இந்த வீட்டிலேயே அதிகம் பயந்துபோயிருப்பவள் அவள்தான்.

இப்படிப்பட்ட எண்ணம் யாருக்கும் வரும். கைக்குழந்தையோடு கிணற்றடியில் நிற்கும்போது ‘நழுவவிட்டால்?’, பேருந்து சீறிக்கொண்டு வரும்போது ‘குறுக்கே போனால்?’. 1978-இல் ரேக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள், மனநோய் எதுவும் இல்லாத சாதாரண ஆட்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்தில் நான்கு பேர், எனக்கும் இப்படி வருவதுண்டு என்றார்கள். உங்களுக்கும் எனக்கும் அது வந்த வழியே போய்விடுகிறது. உங்கள் மகளின் மனம் அதைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு விசாரிக்கிறது. ‘இப்படி நினைத்தேனே, அப்படியென்றால் நான் கெட்டவளா? செய்துவிடுவேனோ?’

இப்படி வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தும் நோய்க்கு ஓசிடி என்று பேர், கீழே விளக்குகிறேன். இந்த நோய் எப்போதும் நெஞ்சுக்கு நெருக்கமான இடமாகப் பார்த்துத்தான் கை வைக்கும். தம்பி மேல் உயிராக இருப்பவளுக்குத் தம்பியைப் பற்றி. பாட்டியோடு தினமும் விளக்கேற்றியவளுக்குச் சாமியைப் பற்றி. சாமி நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பூஜையறையில் கெட்ட வார்த்தை தோன்றினால் அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவே மாட்டான்.

ஓசிடி இருப்பதால் ஒரு பிள்ளை இந்த எண்ணத்தைச் செய்துமுடிக்கும் ஆபத்து கூடுவதில்லை. அதனால் இருவரையும் பிரித்து வைக்காதீர்கள். நீங்கள் தம்பியை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், ‘அம்மாவே பயப்படுகிறாள், அப்போ நான் நிஜமாகவே ஆபத்தானவள்தான்’ என்று அவளுக்குள் இருக்கும் சந்தேகத்துக்கு நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள்.

ஒன்று மட்டும் என்னைக் கவலைப்படுத்துகிறது. “நான் இல்லேன்னா தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல” என்று ஒருநாள் சொன்னதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் போகிறபோக்கில் விட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: “செத்துப்போகணும்னு தோணுதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், அல்லது மழுப்பினால், மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். அவளைத் தனியாகவும் விடாதீர்கள். நடு ராத்திரி என்றாலும் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவசரம் என்றால் நேரே அரசு மருத்துவமனை.

இது எப்போது தொடங்கியது?

கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது ஓசிடிக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது கிளப்பும் பயத்தை அடக்கக் கழுவுவது, எண்ணுவது, அழித்து எழுதுவது, கேட்டுக்கொண்டே இருப்பது என ஏதாவது செய்தாக வேண்டும். செய்தால் சற்று நிம்மதி. அப்புறம் மறுபடி முதலிலிருந்து. பைத்தியம் என்று ஊரில் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தான் செய்வது அர்த்தமில்லாதது என்று அவளுக்கே பாதி நேரம் தெரிந்திருக்கும், அதுதான் இதில் உள்ள வேதனை.

பெரியவளான பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது என்கிறீர்கள். ஆனால் நீங்களே இரண்டாம் பக்கத்தில், மூன்றாம் வகுப்பிலேயே படிக்கட்டை எண்ணிக்கொண்டுதான் ஏறுவாள், எண்ணிக்கை தப்பினால் கீழே இறங்கி வந்து மறுபடி ஏறுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் வெளியூர் போகும்போது வாசல் பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பார் என்பதையும் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த நோய் குடும்பங்களில் ஓடும். பத்து வயதை ஒட்டியும், பதின்மத்தின் கடைசியிலும் தலைகாட்டுவது அதிகம். பூப்பெய்தும் காலத்தில் தீவிரமாவதும் உண்டு. உங்கள் வளர்ப்பால் வந்தது இல்லை. (தொண்டை வலி, காய்ச்சலுக்குப் பிறகு ஒரே நாளில் திடீரென்று வெடித்திருந்தால் வேறு சில பரிசோதனைகள் கேட்டிருப்பேன். உங்கள் மகளுக்கு அப்படி இல்லை.)

அந்தப் 16 நாள்? தனித் தட்டும் தனிப் பாயும் நோயை உண்டாக்கவில்லை. அப்படி உண்டாக்கும் என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு ஓசிடி இருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஏற்கெனவே காத்திருந்த நோய்க்கு அது நல்ல தீனியாகிவிட்டது. ‘நீ தொட்டால் மற்றவர்களுக்கு ஆகாது’ என்று வீடே சேர்ந்து 16 நாள் சொல்லியிருக்கிறது. 17-ஆம் நாள் எல்லாரும் மறந்துவிட்டார்கள், அவள் மனம் மறக்கவில்லை. மாதாமாதம் மூன்று நாள் ஒதுக்கி வைப்பது இன்னும் நடக்கிறது என்றால் இந்தப் பிள்ளைக்கு அதை உடனே நிறுத்துங்கள். எந்தப் பிள்ளைக்கும் அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் உங்கள் மாமியாரோடு அந்தப் பெரிய சண்டையை இப்போதே போட வேண்டாம், ‘டாக்டர் சொல்லிவிட்டார்’ என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

நீங்கள் சொல்லும் பதில்

இனி உங்களுக்குக் கசப்பான பகுதி. நீங்கள் இரவெல்லாம் பொறுமையாகச் சொல்லும் பதில் நோய்க்குத்தான் போய்ச் சேர்கிறது.

கைகழுவுவது எப்படி ஒரு சடங்கோ, உங்களிடம் கேட்பதும் அப்படி ஒரு சடங்குதான். சோப்புக்குப் பதில் அம்மாவின் வாய் வார்த்தை, அவ்வளவுதான் வித்தியாசம். ‘ஒண்ணும் ஆகாது’ என்று கேட்டதும் பயம் சட்டென்று இறங்குகிறது. பயம் இறங்கியது அம்மா சொன்னதால்தான் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் வந்தால் அம்மா சொல்லியே ஆக வேண்டும். வெறுமனே சொன்னது போய், சத்தியம் செய்தால்தான் என்று ஆனது. தலையில் அடித்தால்தான் என்று இப்போது ஆகியிருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் தன் ஓசிடிக்கு ‘வட்டிக்காரன்’ என்று பேர் வைத்திருந்தான். எவ்வளவு கட்டினாலும் அசல் குறையவே மாட்டேன் என்கிறதாம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

ஓசிடி உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் உங்களைப் போலத்தான் நடந்துகொள்கிறார்கள். பிள்ளை தவிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு எந்த அம்மா நிற்பாள்? அதனால் குற்றவுணர்வு வேண்டாம். இன்றிரவே வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால், அம்மாவும் கைவிட்டுவிட்டாள் என்றுதான் அவளுக்குப் படும். கீழே சொல்வதை மருத்துவரிடமும் காட்டி, அவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

முதலில், ராத்திரி பத்து மணிக்கு இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போல் அவள் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். இது ஒரு நோய், இதற்குப் பேர் இருக்கிறது, உன்னைப் போல நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். நூறிலிருந்து இருநூறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பார்த்தால் அவள் பள்ளியிலேயே இன்னும் சிலர் இருக்கக்கூடும். இந்தத் தொல்லைக்கு அவளையே ஒரு பேர் வைக்கச் சொல்லுங்கள். பேர் வைத்துவிட்டால் அவளும் நீங்களும் ஒரு கட்சி, அது எதிர்க்கட்சி.

அப்புறம் ஒரு வாரம் எண்ண மட்டும் செய்யுங்கள். எத்தனை முறை கேட்கிறாள், எத்தனை முறை பதில் சொன்னீர்கள். அடுத்த வாரத்திலிருந்து இருவரும் பேசிவைத்து, ஒரு கேள்விக்கு ஒரு பதில். சத்தியம் கிடையாது. இரண்டாம் முறை கேட்டால் கோபப்படாமல், குரலை உயர்த்தாமல், இப்படிச் சொல்லலாம்: “இது நீ கேக்குறதா, அது கேக்க வைக்குதா? உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. இதைத் தாங்கிக்க உன்னால முடியும். நான் இங்கதான் இருக்கேன்.” இந்த வாக்கியங்களில் ‘தம்பிக்கு ஒண்ணும் ஆகாது’ என்பது எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தம்பிக்கு ஆகுமா ஆகாதா என்ற வழக்கில் நீங்கள் தீர்ப்பே சொல்வதில்லை. அவள் தாங்குவாள் என்பதை மட்டும் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் லெபோவிட்ஸ் என்பவர் பெற்றோருக்கென்றே இப்படி ஒரு பயிற்சி முறை வகுத்திருக்கிறார். பதற்ற நோய் உள்ள பிள்ளைகளிடம் அதைச் சோதித்தபோது, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததிலேயே, பிள்ளைக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுத்த அளவுக்குப் பலன் கிடைத்தது.

முதல் சில நாள் கேள்விகள் கூடத்தான் செய்யும். கத்துவாள், காலைப் பிடிப்பாள், ‘உனக்கு என்மேல பாசமே இல்ல’ என்பாள். பதினாலு முறை தாக்குப்பிடித்துவிட்டுப் பதினைந்தாம் முறை சத்தியம் செய்துவிட்டால், பதினைந்து முறை கேட்டால் கிடைக்கும் என்று நோய் கணக்கு வைத்துக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடிக்காதீர்கள். அவள் துணியைத் தனியாகத் துவைப்பது, தட்டை இரண்டு முறை அலசுவது எல்லாம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு கேள்வியில் மட்டும் உறுதியாக இருங்கள். ஒருநாள் சறுக்கினால் சறுக்கியதுதான், மறுநாள் தொடருங்கள்.

வால்வை மூடலாமா?

உங்கள் கணவர் வால்வை மூடியதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், கழுவிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணை மருத்துவமனையில் வைத்து, அவர் அறைக் குழாய்களை அடைத்து, பயப்படும் பொருள்களைத் தொட வைத்தார். அதுவரை எதற்கும் மசியாத நோய் அதில் கணிசமாக இறங்கியது. இன்று ஓசிடிக்கு முதல் சிகிச்சையாக உலகெங்கும் தரும் முறை அங்கிருந்துதான் கிளைத்தது. பயத்தை எதிர்கொள்வது, சடங்கைச் செய்யாமல் இருப்பது என இரண்டும் சேர்ந்தது அது. ஆங்கில எழுத்துகளில் இஆர்பி என்பார்கள்.

ஆக உங்கள் கணவர் தெரியாமலேயே பாதி வைத்தியம் செய்திருக்கிறார். மீதிப் பாதி இல்லாததால் அது தண்டனையாகப் போய்விட்டது. இன்று பிள்ளைகளுக்கு இதைச் செய்யும்போது பிள்ளையின் சம்மதம் இல்லாமல் ஒரு படிகூட ஏறுவதில்லை. அவளோடு உட்கார்ந்து ஒரு பயப் பட்டியல் போடுவோம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் பயம் என்று அவளே போடுவாள். தம்பியின் பள்ளிப் பையைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது 3 என்று வைத்துக்கொள்ளுங்கள், தம்பி தட்டை எடுத்து வைப்பது 6, ஒரே கிண்ணத்தில் இருவரும் முறுக்கு எடுத்துச் சாப்பிடுவது 9. மூன்றில் ஆரம்பிப்போம். ஆற்றில் இறங்கியதும் குளிர் தூக்கிப்போடும், கரையேறாமல் நின்றால் உடம்பு பழகிவிடும் அல்லவா, அந்த மாதிரி பயமும் ஏறும், நிற்கும், கழுவாமலே இறங்கும். அது கழுவாமல் இறங்குவதை அவள் தன் உடம்பிலேயே பார்க்க வேண்டும், நாம் சொல்லிப் புரியாது.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். அறைவதாலும் வால்வை மூடுவதாலும் நோய் பயந்து ஓடாது, பயத்தில்தான் அது வளரும். செல்லத்தால் வந்ததாக இருந்தால் கண்டித்தால் போயிருக்கும் இல்லையா? அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் கடையை ஆளிடம் விட்டுவிட்டு, பட்டியலில் ஒரு படி ஏறும்போது அவள் பக்கத்தில் நிற்கட்டும். கை வேலை கொடுத்தால் அப்பாக்கள் நன்றாகவே செய்வார்கள் என்பது என் அனுபவம், விளக்கம் சொன்னால்தான் கோபம் வருகிறது.

பாட்டியின் நோட்டு

பாட்டியும் மடி, ஆசாரம் பார்ப்பவர்தான், அவருக்கு மட்டும் நோய் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டி குளித்து, மடி உடுத்தி, விளக்கேற்றியதும் மனம் நிறைந்து காபி குடிக்க உட்கார்ந்துவிடுகிறார். பேத்திக்கு முடிவதே இல்லை. அந்த வித்தியாசம் போதும்.

ஸ்ரீராமஜெயம் எழுதச் சொன்னது அவருடைய அன்பு. ஆனால் எண்ணிக்கையும், பிழை வந்தால் தோஷம் என்ற பயமும் சேர்ந்த எதையும் இந்தப் பிள்ளை கையில் இப்போது கொடுக்கக் கூடாது, அது நோய்க்கு அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போல. கோயிலுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, போய் வாருங்கள். 108 சுற்று, 48 நாள் என்று கணக்கு வைக்கும் பரிகாரங்கள் மட்டும் வேண்டாம். எழுதியே ஆக வேண்டும் என்று பாட்டி நினைத்தால் மூன்று வரி, பென்சில் வேண்டாம், பேனாவால். கோணல் கோணலாகவே இருக்கும். ‘கோணலா இருந்தாலும் ராமர் ஏத்துக்குவார்’ என்று பாட்டி ஒரு தடவை சொல்லட்டும். தினமும் சொன்னால் அதுவும் சத்தியத்தில் சேர்ந்துவிடும், இந்த நோயின் சாமர்த்தியம் அப்படி.

மாத்திரை

இலேசான ஓசிடி என்றால் இஆர்பி மட்டுமே போதும். உங்கள் மகளுக்குத் தூக்கம், படிப்பு, தோல் மூன்றும் அடிவாங்கியிருப்பதால் மருந்தும் சேர்த்துத் தர வேண்டியிருக்கலாம். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பிள்ளைகளிடம் 12 வாரம் நடத்திய ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. நோய்க் குறிகள் அநேகமாக விலகிவிட்டவர்கள், மருந்தும் உளவியல் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 54 பேர், உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39, மருந்து மட்டும் பெற்றவர்களில் 21, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் 4. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் போதாது என்பதும் இதிலேயே இருக்கிறது.

செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸமின், ஃப்ளூயோக்ஸெடின் போன்றவைதான் வழக்கமாகத் தருவது. போதை கிடையாது, தூக்க மாத்திரையும் இல்லை. மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதுதான் தவறு, அது ஓசிடியை ஒன்றும் செய்யாது. குறைந்த அளவில் ஆரம்பித்துக் கூட்டுவார்கள். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், பத்து நாளில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். தொடக்கத்தில் வயிற்றுப் புரட்டல், தலைவலி, இருப்புக்கொள்ளாத தன்மை இருக்கலாம். முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், மனநிலையில் எந்த மாற்றம் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மேலே நான் கவலைப்பட்ட அந்த வாக்கியத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். காலம் முழுக்கவா என்றால், நன்றாகக் குணமான பிறகு ஓராண்டு போலத் தொடர்ந்துவிட்டுப் படிப்படியாகக் குறைப்பது வழக்கம். நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. சிலருக்குப் பரீட்சை, இடமாற்றம் போன்ற சமயங்களில் நோய் மறுபடி எட்டிப் பார்க்கும். அதற்குள் அவளுக்கு அதன் வித்தை எல்லாம் தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூடம், அப்புறம் ஊர்

முட்டி போட வைத்தது தவறு மட்டுமில்லை, சட்ட விரோதமும்கூட. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சட்டம் அது. ஆனால் போனதும் சட்டத்தை நீட்டாதீர்கள், அதைப் பையிலேயே வைத்திருங்கள். வகுப்பாசிரியரை மட்டும் தனியாகப் பார்த்து மருத்துவர் கடிதத்தைக் கொடுத்து மூன்று விஷயம் கேளுங்கள். பேனாவால் எழுத அனுமதி, அழித்தெழுதினால் ‘அப்படியே விடு, அடுத்த வரிக்குப் போ’ என்று மெல்லச் சொல்வது, முடிக்காத பக்கத்துக்குத் தண்டனை இல்லாமல் இருப்பது. ‘எவ்வளவு நீட்டா எழுதுறா பாரு’ என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாராட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள், அது எங்கே போய் விழுகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது.

கல்யாணக் கவலை எனக்குப் புரியாமல் இல்லை, நானும் இந்த மண்ணில்தான் பிராக்டிஸ் செய்கிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உறவினர் வந்து கேட்டாலும் மருத்துவமனை அதைச் சொல்லக் கூடாது. இந்த நோய் ஊருக்குத் தெரிய வருவது வைத்தியம் பார்த்ததால் இல்லை. முக்கால் மணி நேரம் ஓடும் குழாயும், ரத்தம் கசியும் கையும், பள்ளிக்குப் போகாத பிள்ளையும்தான் பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்கின்றன.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் வருவார். மருந்து இலவசம். உளவியலாளரைப் பார்க்கும்போது “ஓசிடிக்கு இஆர்பி செய்வீர்களா?” என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். மூச்சுப் பயிற்சியும் ஆறுதல் பேச்சும் மட்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், மாதக்கணக்கில் வீணாகும். எதற்கும் அடங்காத நிலையில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் மகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

போகும்போது இரண்டு நோட்டுகளை எடுத்துப் போங்கள். ஒன்று, நீங்கள் அந்த வாரம் எண்ணி வைத்தது, உங்கள் பதில்களும் அதில் இருக்க வேண்டும். இன்னொன்று ஓட்டை விழுந்த அந்த ஸ்ரீராமஜெயம் நோட்டு. நீங்கள் அரை மணி நேரம் விளக்குவதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

அதுவரை ஒரே ஒரு காரியம் ஆரம்பிக்கலாம், அதுவும் அவள் சரி என்றால். தோல் டாக்டர் தந்த களிம்பு அலமாரியில்தானே இருக்கிறது? ராத்திரி அவள் புறங்கையில் நீங்களே பூசிவிடுங்கள். பிசுபிசுக்குது, கழுவணும் என்பாள். அஞ்சு நிமிஷம் பொறுத்துக் கழுவலாம் என்று பேசிக்கொள்ளுங்கள். அந்த அஞ்சு நிமிஷமும் பள்ளிக் கதை ஏதாவது கேட்டுக்கொண்டு கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருங்கள். அஞ்சு முடிந்ததும் கழுவ வேண்டுமா, இன்னும் ரெண்டு நிமிஷம் பார்க்கலாமா என்று அவளையே கேளுங்கள்.